கையில் டச், கடையில் சிஸ்டம்

திண்டுக்கல் சமவெளியில் ஆண்ட்ராய்டும் விண்டோஸும் பாகம் பிரித்துக்கொண்ட கதை

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து ஏ.எம்.சி. ரோட்டுப் பக்கம் நடந்தால் அடிக்கொரு கடையில் இந்தப் பலகை தொங்கும்: ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு, ரயில் டிக்கெட், அனைத்து ஆன்லைன் விண்ணப்பங்களும் செய்து தரப்படும். அப்படியொரு கடையில் அரை மணி நேரம் நின்றிருந்தேன். வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தார். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம் போட வேண்டும். கையில் நல்ல டச் போன். மார்க் ஷீட், சாதிச் சான்று, போட்டோ, கையெழுத்து எல்லாமே அதற்குள் இருக்கின்றன.

"அண்ணே, வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன், பாருங்க."

கடைக்காரர் தன் சிஸ்டத்தில் அதை இறக்கினார். போட்டோவை 50 கே.பி.க்குள் சுருக்கினார். கையெழுத்தை வெட்டி 20 கே.பி.க்குள் அடக்கினார். படிவத்தைத் தட்டி முடித்து, "ஓ.டி.பி. வரும் பாப்பா, சொல்லு" என்றார். வரவில்லை. கொடுத்திருந்த நம்பர் அம்மாவுடையது, அந்த பட்டன் போன் ஊரில் இருக்கிறது. பெண் போன் போட்டார். "அம்மா, மெசேஜ் ஏதும் வந்துருக்கா? நம்பர மட்டும் படி." அம்மா பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, அவன் வந்து படிப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டது. மறுபடியும் ஓ.டி.பி., மறுபடியும் பையன்.

ஒரே ஒரு விண்ணப்பம். அதற்கு ஒரு விண்டோஸ், ஓர் ஆண்ட்ராய்டு, ஒரு பட்டன் போன். கணினியா, கைப்பேசியா, எது ஜெயிக்கும் என்று இருபது வருடமாக உலகத்தில் பட்டிமன்றம் நடக்கிறது. திண்டுக்கல்லில் நின்று பார்த்தால் அது போட்டியாகவே தெரியவில்லை, பாகப்பிரிவினையாகத் தெரிகிறது. வீடு ஆண்ட்ராய்டுக்கு, கடையும் ஆபீஸும் விண்டோஸுக்கு. நடுவில் அலைகிறவர் மட்டும் அந்தப் பெண்ணைப் போன்றவர்.

பள்ளிப் பாடப் புத்தகத்தில் இதற்கு இயக்க அமைப்பு என்று பெயர். ஊரில் ஓ.எஸ். "லேப்டாப் ஆன் ஆகல, ஓ.எஸ். போடணும்" என்று ஒருவர் சொன்னால் ஒரு நாளும் சில நூறு ரூபாயும் போயிற்று என்று பொருள். போனுக்கு யாரும் ஓ.எஸ். போடுவதில்லை. போன் கெட்டால் "அப்டேட் கேட்டுச்சு, குடுத்தேன், அதுலருந்துதான்" என்பார்கள். இந்த இரண்டு வாக்கியங்களிலேயே பாதி வித்தியாசம் அடங்கிவிட்டது. ஒன்றில் நாம் எதையோ போடுகிறோம். இன்னொன்றில் அது கேட்கிறது, நாம் கொடுக்கிறோம்.

உலகக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இணையப் பயன்பாட்டை அளக்கும் ஸ்டேட்கவுன்டர் நிறுவனத்தின் கணக்குப்படி, 2016 அக்டோபரில் கைப்பேசியும் டேப்லெட்டும் சேர்ந்து மேசைக் கணினியை முதன்முறையாக முந்தின. 2017 மார்ச்சில் ஆண்ட்ராய்டு விண்டோஸை மயிரிழையில் தாண்டியது: 37.93 சதவீதத்துக்கு 37.91. இந்தியா இந்த வரம்பை உலகத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே தாண்டிவிட்டது. காரணம் எளிது. இங்கே விண்டோஸை விட்டுவிட்டு ஆண்ட்ராய்டுக்குப் போனவர்கள் குறைவு. பெரும்பாலோர் விண்டோஸ் பக்கமே போகாதவர்கள். 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், கணினி வைத்திருந்த கிராமப்புறக் குடும்பங்கள் இந்திய அளவில் நூற்றுக்கு 4.4 மட்டுமே.

அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிராமங்களின் எண் 11.6. ஒட்டன்சத்திரத்திலும் நத்தத்திலும் நிலக்கோட்டையிலும் விவசாயக் கூலி வீட்டில்கூடக் கணினி இருந்தது என்றால், அது யாரும் காசு போட்டு வாங்கியதால் இல்லை.

மூடியில் முதல்வர் படம், உள்ளே இரண்டு ஓ.எஸ்.

2011 செப்டம்பர் 15. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கிவைத்த நாள். (மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் மாவட்டம் பிறந்ததும் 1985-இல் இதே செப்டம்பர் 15-தான், அண்ணா பிறந்தநாளுக்குத் தமிழ்நாட்டில் வேலை அதிகம்.) அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பிளஸ் டூ படித்த பிள்ளைகளுக்கு அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் போய்ச் சேர்ந்தன. இத்தனை வீடுகளுக்குள் கணினியை நேரே கொண்டுபோய் வைத்த மாநிலம் இந்தியாவில் வேறில்லை என்றே சொல்வேன்.

அந்த மடிக்கணினிக்குள் இரண்டு ஓ.எஸ். இருந்தன என்பது வாங்கியவர்களில் பலருக்கு இன்றும் தெரியாது. ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ் லினக்ஸ்: மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது, தமிழ் உண்டு. தமிழ்நாட்டு அரசுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று உத்தரவும் வந்தது.

நடந்தது வேறு. மடிக்கணினி வீட்டுக்கு வந்ததும் பையன் செய்த முதல் வேலை, கடைக்குப் போய்ப் படமும் பாட்டும் ஏற்றிக்கொண்டது. கடைக்காரருக்குத் தெரிந்தது விண்டோஸ். பள்ளியில் கணினி வாத்தியாருக்குத் தெரிந்ததும் விண்டோஸ். ஆறு மாதத்தில் வைரஸ் புகுந்து சிஸ்டம் திணறும். கடையில் கொடுத்தால் மொத்தமாகத் துடைத்துவிட்டு, லைசென்ஸ் இல்லாத விண்டோஸ் ஒன்றைப் போட்டுத் தருவார்கள். அந்தத் துடைப்பில் பாஸ் லினக்ஸ் போயே போய்விடும். சும்மா கொடுத்ததை அழித்துவிட்டு, திருடியதைக் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டோம். அரசும் பாஸ் லினக்ஸைச் சொல்லித்தர ஆள் போடவில்லை. தட்டில் வைத்ததோடு கடமை முடிந்ததென்று இருந்துவிட்டது.

2020-இல் கொரோனா வந்தது. பள்ளிகள் மூடின, மடிக்கணினி விநியோகமும் நின்றது. எந்த வருடம் ஒரு பிள்ளைக்கு வீட்டில் கணினி மிகவும் தேவைப்பட்டதோ, சரியாக அந்த வருடம். பாடம் முழுக்க அப்பாவின் போனுக்கு மாறியது. அப்பா மில்லுக்கு வேலைக்குப் போனால் பாடமும் கூடவே மில்லுக்குப் போகும்.

ஸ்ரீபெரும்புதூரில் விழுந்த அடி

ஓ.எஸ். சண்டை என்றால் கலிபோர்னியாவில் யாரோ யாரையோ வென்றார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தச் சண்டையில் அடிபட்டவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நோக்கியா 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தது. தென் மாவட்டங்களிலிருந்து பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகள் அங்கே போனார்கள். நோக்கியாவின் ஓ.எஸ். சிம்பியன். 2007-இல் ஐபோன், 2008-இல் ஆண்ட்ராய்டு. சிம்பியன் தடுமாறியது. 2011 பிப்ரவரியில் நோக்கியா தன் ஸ்மார்ட்போன்களுக்கு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனைத் தேர்ந்தெடுத்தது. மேசைமேல் அசைக்க முடியாதவனாக இருந்த விண்டோஸ் சட்டைப்பைக்குள் வந்ததும் தோற்றது. ஆப் எழுதுகிறவர்கள் வரவில்லை, ஆப் இல்லாததால் ஆட்கள் வரவில்லை. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறில் இருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்தப் பேரத்துக்கு வெளியே நின்றுவிட்டது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை நின்றது. வரித் தகராறு ஒரு காரணம், ஆனால் ஓ.எஸ். ஜெயித்திருந்தால் அந்த ஆலையைப் பேரத்துக்கு வெளியே விட்டுப்போக யாருக்கும் மனம் வந்திருக்காது. இன்று அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது.

2016 செப்டம்பர் 5-இல் ஜியோ வந்து டேட்டாவின் விலையைத் தரைமட்டமாக்கியது. மறு வருடம் 1,500 ரூபாய் டெபாசிட்டில் ஜியோபோன். அதற்குள் இருந்தது காய் ஓ.எஸ்., கைவிடப்பட்ட ஃபயர்பாக்ஸ் ஓ.எஸ்.ஸின் வாரிசு. பட்டன் போனுக்கும் டச் போனுக்கும் நடுவில் ஒரு மூன்றாம் வழி என்று அதைக் கொண்டாடினார்கள். கொஞ்ச காலம் ஓடியது. மலிவான ஆண்ட்ராய்டு வந்ததும் ஓரம் போனது. இப்போது இந்திய ஸ்மார்ட்போன்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 ஆண்ட்ராய்டு. திண்டுக்கல்லில் ஐபோன் என்பது கல்யாண வீட்டில் மேசைமேல் எடுத்துவைக்கும் பொருள்.

தமிழும் சிம்மும்

ஆண்ட்ராய்டு இங்கே ஜெயித்ததற்கு விலை ஒரு காரணம். அதைவிட இரண்டு காரணங்களைப் பெரிதாக நினைக்கிறேன்.

முதலாவது தமிழ். விண்டோஸ் 2000-லேயே யுனிகோடு தமிழ் வந்துவிட்டது, லதா என்ற எழுத்துருவோடு. ஆனால் மேசைக் கணினியில் தமிழ் அடிக்க ஒரு தனிப் படிப்பு வேண்டியிருந்தது. தட்டச்சு முறையா, 1999-இல் அரசு தரப்படுத்திய தமிழ் 99-ஆ, ரோமன் முறையா? எந்த மென்பொருள், இ-கலப்பையா, என்.எச்.எம். ரைட்டரா? எந்த எழுத்துரு, பாமினியா, வானவில்லா, ஸ்ரீலிபியா? ஒன்றில் அடித்தது இன்னொன்றில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். யுனிகோடுதான் என்று 2010-இல் அரசாணை வந்த பிறகும் அலுவலகங்களில் வானவில் போகவில்லை.

போனிலும் ஆரம்பத்தில் நிலைமை மோசம்தான். பழைய ஆண்ட்ராய்டுகளில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005-இலேயே செல்லினத்தைக் கொண்டுவந்து போனில் தமிழ் எழுதலாம் என்று காட்டியிருந்தார். பிறகு போன் நிறுவனங்களே விழித்துக்கொண்டன. 2017 ஆகஸ்டில் கூகுள் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. அங்கேதான் ஆட்டம் முடிந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெரியவர் போனை வாயருகே வைத்து, "இன்னைக்கு முருங்கை என்ன வெல" என்று கேட்கிறார். அவருக்கு விசைப்பலகை என்ற ஒன்று இருப்பதே தேவையில்லை. தமிழ் 99 எத்தனை மாநாடு கூட்டியும் எட்டாத வீடு அது.

இரண்டாவது காரணம் சிம். யு.பி.ஐ. கட்டணம் உங்கள் சிம்மோடு கட்டிப்போடப்பட்டது. அதற்கு மேசைக் கணினி வடிவமே கிடையாது. வங்கி, ஆதார், கேஸ் சிலிண்டர் எல்லாம் போன் நம்பரைத்தான் ஆளாக எண்ணுகின்றன. அரசும் அதன் பின்னால் போனது. விவசாயிகளுக்கான உழவன் செயலி 2018 ஏப்ரலில் வந்தது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலை நடக்கும் இடமெல்லாம் ஆப்பில்தான் வருகைப்பதிவு, நாளுக்கு இரண்டு போட்டோ என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. சிறுமலை அடிவாரத்துக் கண்மாயில் மண் வெட்டுகிற பெண்ணின் அன்றையக் கூலி, கூட வேலை பார்க்கும் பணித்தளப் பொறுப்பாளரின் ஆண்ட்ராய்டிலும், அது பிடிக்கும் டவரிலும் தொங்கியது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 80 ஆயிரம் டேப்லெட்டுகளை மாநில அரசு கொடுத்தது. வருகைப்பதிவும் மதிப்பீடும் செயலியில். பார்த்தால் ஒன்று புரியும்: ஆண்ட்ராய்டை நாம் தேர்ந்தெடுத்ததைவிட, அது இல்லாமல் நகர முடியாதபடி ஆனதுதான் அதிகம்.

சிஸ்டம் சாகாத இடங்கள்

அப்படியென்றால் சிஸ்டம் செத்துவிட்டதா? வேடசந்தூர் நூற்பாலை ஒன்றின் ஆபீசுக்குப் போய்ப் பாருங்கள். கணக்கு எழுதும் டேலி ஓடிக்கொண்டிருக்கும். 1986-இல் பெங்களூரில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு டேலி தெரியாமல் கணக்குப்பிள்ளை வேலை கிடையாது. சின்னாளபட்டி சுங்குடிச் சேலை விற்பதெல்லாம் வாட்ஸ்அப்பில், இன்ஸ்டாகிராமில். விற்றதற்குக் கணக்கு எழுதுவது சிஸ்டத்தில். வாங்குகிறவர் கண்ணுக்குப் போன் போதும். வருமான வரிக்காரர் கண்ணுக்குப் போதாது.

அச்சகங்கள் இன்னும் சுவாரசியம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளில் இப்போதும் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் ஓடுகிறது. அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல். அப்போது பிறந்த பிள்ளைக்கே இன்று கல்யாணப் பத்திரிகை அதில் அடிக்கிறார்கள். "ஏன் அண்ணே மாத்தலை?" என்றால், "இருபது வருச பைலு பூராவும் இதுலதான் இருக்கு தம்பி, பாண்ட்டும் புதுசுல எடுக்காது" என்பார் ஒருவர். பழைய எழுத்துருவுக்காகப் பழைய பேஜ்மேக்கர், பழைய பேஜ்மேக்கருக்காகப் பழைய விண்டோஸ், அதற்காகப் பழைய சிஸ்டம்.

எனக்குப் பிடித்த இடம் மொய் மேசை. திண்டுக்கல், மதுரை, தேனிப் பக்கத்து விசேஷ வீடுகளில் மொய் நோட்டுக்குப் பதிலாக மடிக்கணினி வந்து பல வருடமாகிறது. இரண்டு பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஊர், பேர், இன்னாருடைய மகன், தொகை. சொல்லி முடிப்பதற்குள் தமிழில் ஏறிவிடும், சின்ன பிரின்டரில் ரசீது கிழிந்து கைக்கு வரும். விசேஷம் முடிந்த அன்று இரவே ஊர்வாரியாகப் பிரித்த பட்டியல் வீட்டுக்காரர் கையில். கூட்டம் வரிசையில் நிற்கும்போது ஆயிரம் பேரை இப்படிப் பெருவிரலால் போனில் தட்டி ஏற்ற முடியாது. வாயால் சொல்லி ஏற்றலாம் என்றால், பக்கத்தில் ரேடியோ செட் அலறும். குழந்தைக்குக் காது குத்தும் வீட்டில் பத்து விரலின் மதிப்பு தெரிகிறது.

கோவில் பூட்டிலிருந்து வீட்டுப் பூட்டு வரை செய்து, 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கிய ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வித்தியாசம் சொல்லாமலே விளங்கும். சிஸ்டத்தில் வேண்டாததைக் கழற்றலாம், ஓ.எஸ்.ஸையே மாற்றலாம்; சாவி நம்மிடம். ஆண்ட்ராய்டு போனை வாங்கும்போதே சில ஆப்கள் உள்ளே குடியிருக்கும், காலி செய்ய முடியாது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டபோது, அவற்றை நீக்கும் உரிமையைப் பயனருக்குக் கொடு என்றும் சொன்னது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதம் சரி என்றது. ஆனால் ஆப்களை நீக்கும் உரிமை பற்றிய உத்தரவை வேறு சிலவற்றோடு சேர்த்து ரத்து செய்தது. நாம் காசு கொடுத்து வாங்கிய வீட்டில், விற்றவர் பூட்டிவைத்த ஓர் அறை. அதே 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த நிறுவனமொன்று, அப்படி எதையும் ஏற்றாமல் தரும் பார்ஓஎஸ் என்ற ஓ.எஸ்.ஸை அறிமுகப்படுத்தியது. திண்டுக்கல் போன் கடைகளில் அதை நான் இன்னும் பார்க்கவில்லை.

மறுபடியும் மடிக்கணினி

இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கும் வேலை இப்போது கூகுளில் நடக்கிறது. ஆண்ட்ராய்டையும் மடிக்கணினிக்கான குரோம் ஓ.எஸ்.ஸையும் ஒரே தளமாக்கப்போவதாக 2025-இல் சொன்னார்கள். குரோமிலும் ஆண்ட்ராய்டிலும் தலைமைப் பொறுப்பு வகித்துவிட்டு நிறுவனத் தலைவரானவர், இங்கிருந்து அறுபது கிலோமீட்டரில் இருக்கும் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை. வரட்டும், பார்ப்போம்.

அதைவிட நமக்குப் பக்கத்துச் செய்தி ஒன்று உண்டு. 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அவரவர் விருப்பப்படி டேப்லெட் அல்லது மடிக்கணினி என்று அறிவித்து, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு. தொடர்ந்து எல்காட் கோரிய டெண்டர் மடிக்கணினிக்கு. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் கேட்டிருந்தார்கள். சரியான முடிவு என்பது என் கட்சி. விரலால் தள்ளிப் பார்க்கிற கருவி ஏற்கெனவே எல்லாப் பிள்ளையிடமும் இருக்கிறது. அடித்து, திருத்தி, எழுதி, சேமித்து, தன் விண்ணப்பத்தைத் தானே போட்டுக்கொள்கிற கருவிதான் இல்லை. ஆனால் பிளஸ் டூ பிள்ளைகளை ஏன் விட்டார்கள்? பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைன். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று நூற்றுக்கணக்கில் வரிசைப்படுத்தும் அந்தப் பட்டியலை ஆறங்குலத் திரையில் போட்டுப் பார்த்த வீடுகளுக்குத் தெரியும், கணினி எப்போது வேண்டுமென்று. கல்லூரியில் சேர்ந்த பிறகு வேண்டும்தான். சேருவதற்கு அதைவிட முன்னால் வேண்டும்.

கொடுக்கும்போது அந்த இரண்டாவது ஓ.எஸ்.ஸைத் திறந்து காட்ட ஓர் ஆளையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு பள்ளிக்கு ஒரு நாள் போதும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. 2018-க்கு முந்திய பெரும்பாலான கணினிகளை விண்டோஸ் 11 ஏற்காது. அரசு கொடுத்த மடிக்கணினிகளில் மிகப் பலவும் அந்த வயதுக்காரர்கள். பரண்மேல் கிடந்தால் இறக்குங்கள். பேட்டரி போயிருக்கும், சார்ஜரைச் செருகியபடியே ஓடும். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. போடச் சொல்லுங்கள். லினக்ஸில் இலகுவான ஒன்றை ஏற்றச் சொல்லுங்கள். கடைக்காரர் தெரியாது என்றால், 2012 முதல் இதையெல்லாம் தமிழிலேயே எழுதிவரும் கணியம் தளத்தைக் காட்டுங்கள். லிப்ரே ஆபீஸ் பெரும்பாலும் அந்த லினக்ஸுக்குள்ளேயே வரும், தமிழ் 99-உம் வரும். போட்டோவை 50 கே.பி.க்குச் சுருக்குவதை உங்கள் மகள் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்வாள்.